டிவிடி ரைட் ஆகாமல் நிற்கிறதா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இது: கல்யாண வீடியோவை உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக வீட்டு டெஸ்க்டாப்பில் டிவிடி ரைட் செய்கிறார். பழைய டிவிடி ரைட்டர், விண்டோஸ் 10. சில டிஸ்க் போட்டவுடனே "பவர் கேலிபரேஷன் ஏரியா எரர்" என்று வெளியே வந்துவிடுகிறது, சில 90 சதவீதம் தாண்டி நிற்கிறது, முழுதாக முடிந்த ஒன்றிரண்டும் உறவினர் வீட்டு டிவிடி பிளேயரில் ஓடவில்லை. அப்பாவின் காருக்காக ரைட் செய்த எம்பி3 சிடியைக் கார் ஸ்டீரியோ படிக்க மறுக்கிறது. டிரைவை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

கடைசியில் மாற்ற வேண்டி வரலாம், ஆனால் இன்றைக்கே மாற்றாதீர்கள். நீங்கள் சொன்னதில் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன. அதில் இரண்டு, புது டிரைவ் வாங்கினாலும் அப்படியே தொடரும். கார் ஸ்டீரியோ விஷயம் டிரைவைப் பற்றியதே இல்லை.

முதலில் ஒரு அடிப்படை. சிடியோ டிவிடியோ, ரைட்டர் உள்பக்கத்திலிருந்து, அதாவது நடு ஓட்டைக்கு அருகிலிருந்து தொடங்கி வெளி விளிம்பை நோக்கி எழுதிக்கொண்டே போகும். திரையில் ஓடும் சதவீதம் கிட்டத்தட்ட டிஸ்க்கின் மேல் ஒரு இடத்தைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் எரர் வந்தது என்று மட்டும் பார்க்காமல், எத்தனை சதவீதத்தில் வந்தது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தானா, இல்லை இடம் மாறி மாறி வருகிறதா என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆரம்பத்திலேயே மறுத்தால் டிரைவின் லேசரும் அந்த டிஸ்க்கும் ஒத்துப்போகவில்லை. எப்போதும் கடைசிப் பகுதியில் நின்றால் டிஸ்க்கின் தரம் அல்லது வேகம். இடம் மாறி மாறி நின்றால் கேபிள், பவர், கம்ப்யூட்டர் பக்கம். ரைட்டும் ஆகி, வெரிஃபையும் (எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பது) ஆகி, வேறு பிளேயரில் மட்டும் ஓடவில்லை என்றால் ஃபார்மேட் தப்பு. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

இதைக் கவனிக்க விண்டோஸின் சொந்த ரைட்டிங் வசதி உதவாது. பொத்தாம்பொதுவாக "டிஸ்க்கில் எழுதுவதில் சிக்கல்" என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதன் 2.5.8 பதிப்பு 2013ல் வந்தது, அதற்கு மேல் புதியது வரவில்லை, ஆனாலும் விண்டோஸ் 10ல் நன்றாகவே ஓடுகிறது. அது எழுதும் லாகில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவில், டிரைவின் மாடல், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எண், டிஸ்க்கை உண்மையில் செய்த தொழிற்சாலையின் குறியீடு, என்ன வேகத்தில் எழுதியது, எந்த செக்டாரில் நின்றது, டிரைவ் என்ன காரணம் சொன்னது எல்லாம் இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கே3பி இதே வேலையைச் செய்யும்.

சரி, உங்கள் முதல் எரருக்கு வருவோம். டிஸ்க்கை உள்ளே தள்ளி ரைட் கொடுத்ததும் டிரைவ் நேராக உங்கள் ஃபைலை எழுத ஆரம்பிப்பதில்லை. நடு ஓட்டையை ஒட்டி இதற்கென்றே ஒதுக்கிய சிறு வட்டத்தில் லேசரைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சோதனையாக எழுதி, அதைத் தானே படித்துப் பார்த்து, இந்த டிஸ்க்குக்கு இவ்வளவு சக்தி போதும் என்று முடிவு செய்யும். அந்த வட்டத்துக்குத்தான் பவர் கேலிபரேஷன் ஏரியா என்று பெயர். எந்த அளவில் எழுதினாலும் சரியாகப் படிக்க முடியவில்லை என்றால் அந்த எரரைக் கொடுத்து டிஸ்க்கைத் துப்பிவிடும். ஆகவே அந்த எரருக்கு அர்த்தம் இரண்டில் ஒன்று: லேசர் எழுதும் டிஸ்க்கின் சாயப் பூச்சு மோசம், அல்லது லேசரிலிருந்து போதுமான ஒளி டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை. ஒளி குறைவதற்கும் இரண்டு காரணம். லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், அல்லது லேசர் டயோடே வயதாகி மங்கியிருக்கலாம்.

எது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். அதே டப்பாவில் இருந்து ஒரு பிளாங்க் டிஸ்க்கை எடுத்து நண்பர் வீட்டு ரைட்டரில் போட்டுப் பாருங்கள். வேறு பிராண்டில் ஒரே ஒரு நல்ல டிஸ்க் வாங்கி உங்கள் ரைட்டரில் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு சோதனையும் செய்யாமல் ஐம்பது டிஸ்க் டப்பாவை ஒவ்வொன்றாகப் போட்டு வீணாக்குவதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று. "சிடி நன்றாக ரைட் ஆகிறது, அதனால் டிரைவ் நல்லாத்தான் இருக்கு" என்று பலர் சொல்வார்கள், இது தவறான முடிவு. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒரே டிரைவில் இரண்டு தனித்தனி லேசர்கள் இருக்கின்றன, ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். சிடி மட்டும் எழுதி எல்லா பிராண்டு டிவிடியையும் மறுக்கிற டிரைவில் சிவப்பு லேசர் முடிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். படிப்பதை விட எழுதுவதற்குப் பல மடங்கு சக்தி வேண்டும் என்பதால், படம் ஓடும், ஆனால் ரைட் ஆகாது என்ற நிலையும் இதே காரணத்தால்தான் வருகிறது.

லென்ஸைத் துடைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. லேப்டாப் டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் கண்ணில் படும். டெஸ்க்டாப் டிரைவில் கீழே இருக்கும் நான்கு திருகைக் கழற்ற வேண்டும், அதுவும் கம்ப்யூட்டரிலிருந்து டிரைவைப் பிரித்தெடுத்த பிறகு. முதலில் கையால் அழுத்தும் ஊதுபந்து வைத்துத் தூசியை ஊதிவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி நனைத்து, லென்ஸை அழுத்தாமல் ஒரே ஒரு சுற்று. லென்ஸ் மிக மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, கொஞ்சம் பலமாகத் தேய்த்தால் அதோடு டிரைவ் போச்சு. பிரஷ் ஒட்டிய "லென்ஸ் கிளீனர் டிஸ்க்" போட நான் சொல்லமாட்டேன், வேகமாகச் சுற்றும் டிரைவில் அந்த பிரஷ் லென்ஸை இடிக்கும் ஆபத்து இருக்கிறது. கடற்கரை ஊர்களில், ஈரப்பதம் அதிகமாக இருக்கும் இடத்தில், வருஷக்கணக்கில் பயன்படுத்தாத டிரைவில் லென்ஸ் மங்குவது சகஜம். துடைத்தும் தேறவில்லை என்றால் அப்போது புது டிரைவ் வாங்குங்கள்.

இனி டிஸ்க். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் வீட்டில் ரைட் செய்பவர்களின் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் கடைசியில்தான் இதைச் சந்தேகப்படுகிறார்கள்.

டப்பா மேல் இருக்கும் பிராண்டு பெயரும், டிஸ்க்கைச் செய்த தொழிற்சாலையும் பெரும்பாலும் வேறு வேறு. ஒரே பிராண்டு பெயரில் இந்த மாதம் ஒரு தொழிற்சாலைச் சரக்கு வரும், அடுத்த மாதம் வேறொன்று வரும். உண்மையான தயாரிப்பாளர் யார் என்பதைச் சொல்லும் குறியீடு, வெற்று டிஸ்க்கிலேயே அச்சாகி இருக்கும். டிரைவ் அதைப் படித்து, தன் ஃபர்ம்வேரில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, "இந்த டிஸ்க்குக்கு இந்த வேகத்தில் இப்படி லேசரைத் துடிக்கவிட வேண்டும்" என்ற முறையை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத குறியீடு என்றால் பொதுவான ஒரு முறையில் எழுதும், அது சரியாகவும் வரலாம், வராமலும் போகலாம். ஒரே டிஸ்க் ஒரு டிரைவில் அருமையாக எழுதி இன்னொன்றில் சொதப்புவதற்குக் காரணம் இதுதான். டிரைவ் தயாரிப்பாளர் தளத்தில் புது ஃபர்ம்வேர் இருந்தால் போடச் சொல்வதும் இதற்காகத்தான், அதில் பெரும்பாலும் புது டிஸ்க் குறியீடுகளைத்தான் சேர்த்திருப்பார்கள். ஃபர்ம்வேர் போடும்போது கரண்ட் போனால் டிரைவ் செத்துவிடும், யுபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

இம்ஜ்பர்னில் டிஸ்க்கைப் போட்டதும் வலது பக்கம் அந்தக் குறியீடு தெரியும். எம்சிசி 004 என்றோ எம்சிசி 03ஆர்ஜி20 என்றோ வந்தால் அது பெயர் பெற்ற 16 எக்ஸ் வேக வெர்பேட்டிம் டிஸ்க்குகளின் குறியீடு, முதலாவது டிவிடி பிளஸ் ஆர், இரண்டாவது டிவிடி மைனஸ் ஆர் (ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடியின் இரண்டு வகைகள்). ஆனால் போலிக் குறியீடு போட்ட சரக்கும் சந்தையில் உண்டு, எனவே குறியீடு நன்றாக இருந்து ரைட் மோசமாக வந்தால் உங்கள் கண் முன்னே நடப்பதை நம்புங்கள்.

நல்ல டிஸ்க் கிடைப்பதே இப்போது சிரமம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தரத்துக்குப் பெயர் போன ஜப்பானின் தையோ யூடென் 2015ஓடு இந்தத் தொழிலை விட்டது. நம் வீடுகளில் ஒரு காலத்தில் எங்கும் கிடந்த மோசர் பேர் டிஸ்க்கைச் செய்த நொய்டாவின் மோசர் பேர் இந்தியா 2018ல் கலைப்புக்குப் போனது. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்தியது. ஆகவே கடையில் இன்று கிடைப்பதில் கணிசமானது பழைய இருப்பு. வெயில் படும் ஷோகேஸில் வருஷக்கணக்கில் கிடந்த டப்பாவை வாங்காதீர்கள், எழுதுவதற்கான சாயமே ஒளியும் வெப்பமும் பட்டால் கெடுவதுதான். பத்து டிஸ்க் வாங்கி இரண்டு ரைட் செய்து பார்த்து, நன்றாக வந்தால் அதே லாட்டில் மீதியை வாங்குவது நல்லது.

90 சதவீதம் தாண்டி நிற்கிறது என்றீர்களே, அது இந்த டிஸ்க் கதையின் தொடர்ச்சி. சாயத்தைத் தொழிற்சாலையில் சுழற்றித்தான் பரப்புகிறார்கள், விளிம்பில் அது சீராக அமைவது கடினம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டியது, அந்த ஒட்டு முதலில் பிசகுவதும் விளிம்பில்தான். டிஸ்க் லேசாக வளைந்திருந்தாலும் அது அதிகம் தெரிவது விளிம்பில். இத்தனைக்கும் மேல், 16 எக்ஸில் எழுதும்போது டிரைவ் தன் உச்ச வேகத்தைத் தொடுவதும் அதே விளிம்பில்தான், டிஸ்க் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும். எல்லாக் கஷ்டமும் ஒரே இடத்தில் சேருகிறது.

அதற்கு இரண்டு வைத்தியம். வேகத்தைப் பாதியாக்குங்கள்: 16 எக்ஸ் டிவிடியை 8 எக்ஸில் எழுதுங்கள். சிடி என்றால் 16 எக்ஸ் அல்லது 24 எக்ஸ். எட்டு, ஒன்பது நிமிடத்தில் ஒரு டிவிடி முடிந்துவிடும், 16 எக்ஸில் மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம்தான், அதற்காக ஒரு டிஸ்க்கை இழப்பது லாபமில்லை. அதேசமயம் எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று நினைத்து 1 எக்ஸ், 2 எக்ஸ் தேடாதீர்கள். இன்றைய டிஸ்க்கின் சாயமும் டிரைவின் எழுதும் முறையும் அந்த வேகத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல, மிக மெதுவாக எழுதினால் தரம் குறைவதும் உண்டு. இரண்டாவது, டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். டப்பாவில் 4.7 ஜிபி என்று இருப்பது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு, விண்டோஸ் காட்டும் கணக்கில் அது 4.38 ஜிபிதான். நீங்கள் 4.1, 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டால் அந்த மோசமான கடைசி வளையத்தை லேசர் தொடவே தொடாது. படம் ஓடிக்கொண்டே இருந்து கடைசிப் பத்து நிமிடத்தில் கட்டம் கட்டமாக உடைகிறது என்று வரும் புகாரும் இதே விளிம்புப் பிரச்சினைதான், அதற்கும் இதே வைத்தியம்.

உங்களுக்கு இல்லை என்றாலும், இடம் மாறி மாறி நிற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதுதான் தொல்லை. ஒரு முறை 12 சதவீதம், அடுத்த முறை 57, அப்புறம் ஒன்று நன்றாக முடிகிறது என்றால், டிஸ்க்கைச் சந்தேகப்படுவதற்கு முன் டேட்டா வரும் வழியைச் சந்தேகப்படுங்கள். லாகில் "செமஃபோர் டைம்அவுட்" என்ற வரி வந்தால் கிட்டத்தட்ட நிச்சயம், கம்ப்யூட்டர் அனுப்பிய கட்டளைக்கு டிரைவிடமிருந்து பதில் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். டெஸ்க்டாப்பில் டிரைவையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள், போர்ட்டை மாற்றுங்கள், மதர்போர்டின் முதன்மை சிப்செட்டின் போர்ட்டில் போடுங்கள், கூடுதலாக வைத்த வேறு கம்பெனி சிப்பின் போர்ட்டில் வேண்டாம். வெளியே வைக்கும் யுஎஸ்பி டிரைவில் பெரும்பாலும் மின்சாரம்தான் காரணம். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லிஆம்பியர், மோட்டாரும் லேசரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அது போதாமல் போகும். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட், பவர் இல்லாத ஹப், நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் மூன்றும் வேண்டாம். பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள், டிரைவோடு இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு ரைட் செய்யுங்கள், ஸ்லீப் போகாமல் செட்டிங்கை மாற்றிவிடுங்கள்.

இந்தப் பக்கத்தைச் சோதிக்க டிஸ்க்கை வீணாக்கவே வேண்டாம். இம்ஜ்பர்னில் டெஸ்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது. லேசரை எழுதும் சக்திக்கு ஏற்றாமல் மற்ற எல்லாவற்றையும் நிஜம் போலவே செய்து பார்க்கும். சிடி ஆருக்கும் டிவிடி மைனஸ் ஆருக்கும் இது வேலை செய்யும், பிளஸ் ஆருக்குச் செய்யாது. டெஸ்டிலேயே நின்றால் கேபிள், பவர், டிரைவர் மென்பொருள் பக்கம். டெஸ்ட் முழுதாக ஓடி நிஜ ரைட் மட்டும் நின்றால் லேசரோ டிஸ்க்கோ.

பஃபர் அண்டர்ரன் (எழுதும் நடுவில் டேட்டா வராமல் போவது) என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள், ரைட் ஓடும்போது மவுஸைக்கூடத் தொடாதே என்பார்கள். டேட்டா வருவது தடைபட்டால் லேசரை நிறுத்தி, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் நுட்பம் 2000த்திலேயே டிரைவ்களுக்கு வந்துவிட்டது, அதனால் இன்று அது டிஸ்க்கைக் கெடுப்பது அரிது. ஆனால் அப்படி அடிக்கடி நின்று தொடர்ந்தால் ரைட்டின் தரம் கொஞ்சம் குறையும். எனவே ஃபைலை பென் டிரைவிலிருந்தோ வைஃபை வழியாகவோ எடுக்காமல் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு எழுதுங்கள். விண்டோஸ் வழியாக எழுதினால் சி டிரைவில் தற்காலிகமாக ஒரு டிஸ்க் அளவு இடம் காலியாக இருக்கவும் வேண்டும்.

இப்போது ரைட் ஆகியும் ஓடாத டிஸ்க்குகள். இங்கே டிரைவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வெற்று டிஸ்க்கை விண்டோஸில் போட்டதும் ஒரு கேள்வி கேட்கும்: யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலவா, சிடி/டிவிடி பிளேயருக்கா என்று. முன்கூட்டியே தேர்வாகி இருப்பது முதலாவது. அப்படியே நெக்ஸ்ட் கொடுத்தால், ஃபைலை இழுத்துப் போட்டு அழித்து மாற்றுவதற்கு வசதியான யுடிஎஃப் ஃபார்மேட்டில் டிஸ்க் தயாராகும். கம்ப்யூட்டரில் அருமையாகத் திறக்கும், கார் ஸ்டீரியோவுக்கும் பழைய டிவிடி பிளேயருக்கும் அது புரியாது. உங்கள் அப்பாவின் கார் சிடிக்கு இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இம்ஜ்பர்னில் ஃபைல் சிஸ்டத்தை (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) ஐஎஸ்ஓ 9660 சேர்த்து ஜோலியட் என்று வையுங்கள். டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்து மூடவும் வேண்டும், பாதி திறந்து விட்ட டிஸ்க்கைக் கார் ஸ்டீரியோ காலி டிஸ்க்காகவே நினைக்கும்.

பாட்டு ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். ஐஎஸ்ஓ 9660ன் அடிப்படை வடிவம் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே ஏற்கும், தமிழ்ப் பெயர் எல்லாம் வெறும் அடிக்கோட்டு வரிசையாகிவிடும். ஜோலியட் தமிழை ஏற்கும், ஆனால் 64 எழுத்து வரம்பு. அதிலும் "கா" என்பது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்குக் ககரமும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் அப்படித்தான். ஆக முப்பத்தைந்து, நாற்பது எழுத்துப் பெயரே வரம்பைத் தொட்டுவிடும், நீளமான பெயர்கள் வெட்டுப்படும். காருக்கு மட்டும் 01, 02 என்று எண்ணில் தொடங்கும் சின்ன ஆங்கிலப் பெயர் கொடுங்கள், வரிசையும் நீங்கள் நினைத்தபடி வரும். டிவிடியோ, அழித்து மறுபடி எழுதும் ஆர்டபிள்யூ வகையோ காருக்கு வேண்டாம், சாதாரண சிடி ஆர் போதும். ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு சிடி ஆரை விட மிகக் குறைவு, பழைய ஸ்டீரியோவின் லேசர் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்டீரியோ முகப்பில் எம்பி3 என்று அச்சிடாமல் இருந்தால் எம்பி3 சிடியே ஓடாது, ஆடியோ சிடியாகத்தான் எழுத வேண்டும், அதில் 80 நிமிடப் பாட்டு மட்டும் பிடிக்கும்.

டிவிடி பிளேயர் கதையும் இதைப் போலத்தான். வீடியோகிராபர் கொடுத்த எம்பி4 ஃபைலை அப்படியே டிவிடியில் போட்டால் அது டேட்டா டிஸ்க், டிவிடி வீடியோ இல்லை. பழைய பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக் 2 வீடியோ, அதுவும் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள், ஐஎஃப்ஓ, விஓபி ஃபைல்களாக. டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இந்த மாற்றத்தைச் செய்து தரும். நம் ஊருக்கு பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை, 720க்கு 576 என்று தேர்ந்தெடுங்கள். ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் ஒலியும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை ஒரே டிஸ்க்கில் திணித்தால் மூன்றரைக்குக் கீழே போய்விடும், தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போடுகிற இடம் மாதிரி அசைவு அதிகமான காட்சிகளில் படம் கட்டம் கட்டமாகக் கலங்கும். முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடுங்கள். இரட்டை அடுக்கு டிஸ்க் ஒன்றில் எல்லாம் அடங்கும்தான், ஆனால் விலையும் அதிகம், பழைய பிளேயர்கள் ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் திக்கும், நான் அதை உறவினர்களுக்குக் கொடுக்கமாட்டேன்.

பிளேயர் ரொம்பப் பழசு என்றால் மைனஸ் ஆர் வாங்குங்கள். கையில் இருப்பது பிளஸ் ஆர் என்றால், டிரைவ் அனுமதித்தால் புக் டைப் (டிஸ்க் தன்னை என்ன வகை என்று காட்டிக்கொள்ளும் குறி) என்ற இடத்தில் டிவிடி ரோம் என்று மாற்றி எழுதலாம், பிளேயர் அதைக் கடையில் வாங்கிய படம் போலவே எடுத்துக்கொள்ளும்.

டிரைவே மை கம்ப்யூட்டரில் காணாமல் போய், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 19 அல்லது 39 என்று நிற்பதும் அடிக்கடி கேள்விப்படுவது. வன்பொருள் பழுது இல்லை அது. ஏதோ பழைய ரைட்டிங் மென்பொருளை அல்லது விர்ச்சுவல் டிரைவ் மென்பொருளை நீக்கியபோது ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தில், மிச்சம் விட்டுப் போயிருக்கும். சிடி டிரைவ் பிரிவின் கீயில், அதன் பெயர் 4டி36இ965 என்று தொடங்கும், அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் திரும்பி வரும். நீக்குவதற்கு முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஐடியூன்ஸ் வழியாக ரைட் செய்பவர்கள் அதை மறுபடி நிறுவ வேண்டி வரும்.

டிஸ்க் முடிந்ததும் வெரிஃபை டிக் போட்டே ஆகவேண்டும், நேரம் இரட்டிப்பானாலும். எழுதிய டிரைவே படித்து ஓகே சொல்வது பாதி உறுதிதான், முடிந்தால் ஒரு டிஸ்க்கை வேறு டிரைவிலும் முழுதாகக் காப்பி செய்து பாருங்கள். வேகம் ஓரிடத்தில் சட்டென்று விழுந்து டிரைவ் உறுமினால் அந்த இடம் பலவீனம், வெரிஃபை பாஸ் ஆகியிருந்தாலும் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். வீடியோகிராபர் தந்த அசல் ஃபைலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அழித்துவிடவே கூடாது. டிவிடி உறவினர்களுக்குக் கொடுக்கும் பிரதி மட்டும், அசல் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

மேலே பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கொஞ்சம் பக்கம் சாய்ந்தாலும் சுழலும்போது எடை சமமில்லாமல் டிஸ்க் அதிரும், டிவிடியில் ஈரம் இழுத்து வளைக்கவும் செய்யும். பெயரும் தேதியும் சிடி மார்க்கரால் எழுதினால் போதும். சிடியில் பால் பாயிண்ட் பேனா கூடவே கூடாது, எழுதப்பட்ட அடுக்கு மேல்பக்க வார்னிஷுக்கு நேர் கீழே இருக்கிறது, அழுத்தி எழுதினால் அங்கேயே கீறல் விழும். டிவிடியில் அது நடுவில் பாதுகாப்பாக இருப்பதால் அவ்வளவு பயமில்லை.

ஏற்கெனவே கெட்டுப் போனவை என்று நீங்கள் ஒதுக்கி வைத்த டிஸ்க்குகளை எறியாமல் ஒருமுறை பாருங்கள். ஆரம்பத்திலேயே கேலிபரேஷன் எரர் கொடுத்தது பெரும்பாலும் இன்னும் வெற்று டிஸ்க்தான், நல்ல டிரைவில் எழுதும். 100 சதவீதம் போய் கடைசியில் மூடும்போது மட்டும் நின்றது இருந்தால், இம்ஜ்பர்னின் டூல்ஸ் மெனுவில் டிரைவ், குளோஸ் டிஸ்க் கொடுத்துப் பாருங்கள், சிலது அப்படியே உயிர் பெற்றுவிடும், பெற்றால் வெரிஃபை செய்த பிறகு கொடுங்கள். 90ல் நின்றதை ஒன்றும் செய்ய முடியாது.